அக்னெஸின் கஸிஸ் செடி

ஊரைவிட்டு, பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஜெகதீஸ்வரிக்கு எதைத் தின்றாலும் வாந்திதான். மகள் நிருஷா அப்போது வயிற்றில். முதியோர் இல்லத்துச் சலவையறையில் கூட வேலை செய்த அக்னெஸ், தன் வீட்டு வளவில் கோடையில் பறித்து ஃபிரீசரில் வைத்திருந்த கஸிஸ் பழத்தை ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார். மிளகைவிடச் சற்றுப் பெரிய, கறுத்த, புளித்த பழம். அன்று தின்றது வயிற்றில் தங்கியது. பிள்ளை பிறக்கும்வரை வாரம் தவறாமல் போத்தல் வந்தது.

பல வருடம் கழித்து, 2006 கோடையில், அக்னெஸ் வீட்டை விற்றுவிட்டு லொங்குய்யில் மகனோடு குடியேறினார். வாங்கியவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அந்தச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அக்னெஸ் அழவில்லை. மடித்த துவாயையே திரும்பவும் மடித்தார்.

அவர் கடைசியாகக் கொடுத்த பழம் ஜெகதீஸ்வரியிடம் ஒரு கைப்பிடி மிச்சமிருந்தது. எப்படியாவது ஒரு செடி முளைக்கவைத்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பழத்தைப் பிசைந்து, தண்ணீரில் அலசி, அடியில் தங்கிய விதை முழுவதையும் ஒரு தட்டு மண்ணில் தூவினாள். மிளகாய்க்குச் செய்வதுபோல ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். நவம்பர் வந்தும் ஒன்றும் முளைக்கவில்லை.

"என்னப்பா, மண்ணை அவிக்கிறீரோ?" என்றார் கணவர் நகுலேஸ்வரன்.

மறுநாள் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"உமக்கென்ன விசரோ? விறைச்சுச் செத்துப்போகும். இருக்கிறதே அவ்வளவுதானே!"

"அக்னெஸின்ர மரம் என்ன ஹீட்டருக்குப் பக்கத்திலயோ நிண்டது? ஸ்னோவுக்குள்ளதானே நிண்டது. இதுவும் கிடக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, நாளுக்கு நாலு தரம் கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தாள். பனி பெய்து தட்டு இருந்த இடமே தெரியாமல் போனது.

மே மாதத்தில் ஒருநாள் காலை, மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு முளை. ஓடிப்போய்க் கணவரை இழுத்துவந்து காட்டினாள்.

"நான் அப்பவே சொன்னனான்தானே, வெளியில வையும் எண்டு," என்றார் அவர், கூசாமல்.

ஆகஸ்டில் இரண்டு செடியையும் தனித்தனிச் சாடியில் நட்டு, ஒரு பையில் வைத்து, மெட்ரோ ஏறி லொங்குய்க்குப் போனாள். விதையில் வந்தது, தாய்ச் செடியின் ருசி வராமலும் போகலாம் என்று பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. அக்னெஸ் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே பிடித்தார். வெகுநேரம் கையை இறக்கவில்லை.

பிறகு ஒரு சாடியை அவள் பக்கம் தள்ளினார். "இது உன்னிடம் இருக்கட்டும். எது முதலில் காய்க்கிறது என்று பார்ப்போம். ஆனால் நான் கிழவி, நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்."

அந்தக் குளிர்காலத்துப் போத்தல்களுக்கு நன்றி சொல்ல வந்தவளை வாய் திறக்க விடாமல், அக்னெஸ் மண்வெட்டி தேட எழுந்துவிட்டார்.