முதலில் செருப்புப் போட்டவர்

என் வகுப்புப் பிள்ளைகள் “இந்தியாவின் முதல் பெண் பிரதமர், முதல் விண்வெளி வீரர்” என்று ஒப்பிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் குரல் கேட்கிறது.

நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள், கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் பொது அறிவுப் புத்தகத்திலிருந்து இதே பட்டியலைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா அரிவாள் தீட்டுவதை நிறுத்தினார்.

“பண்ணையார் தெருவுல மொதமொதல்ல செருப்பு போட்டு நடந்தது ஒங்க பெரியப்பாதான். அவரு பேரு இருக்கா பாப்பா?”

“இல்லப்பா.”

“நல்லாப் பாரு. அதுக்காகத்தான அவர அடிச்சே கொன்னாங்க.”

பக்கங்களைப் புரட்டினேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இருக்குப்பா. இந்தா, இங்க.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் நம்பிவிட்டார்.

இன்றும் வீட்டுக்கு வருபவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறார். அவர்கள் வாசித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.