மைக் முன்னால் தண்ணி வந்த கதை

எங்கள் மீனவக் கிராமமான பனித்திட்டில் 'சுனாமி' என்பது அதிகாரிகளுக்காக வைத்திருந்த சொல். அவர்கள் வந்தால் நாற்காலியை எடுத்துப் போடுவதுபோல அதையும் எடுத்துப் போடுவோம். எங்களுக்குள் 'தண்ணி வந்த அன்னிக்கு' என்றுதான் பேச்சு. அதிலும் கடல் கொண்டுபோனவர்களின் பெயரை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எந்தப் பொருள் எங்கே கிடைத்தது என்றுதான் சொல்வார்கள். மாமாவின் படகு சவுக்குத்தோப்பில், எங்கள் வீட்டு இட்லிக் குண்டான் வாய்க்காலுக்கு அப்பால் நெல் வயலில். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு பிறந்த எனக்கு அது ஏதோ திருவிழாக் கதை.

ஒரு நினைவு நாளில் கடற்கரையில் மேடை போட்டுப் பேச்சுப்போட்டி வைத்தார்கள். முதல் பரிசு மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர். அதன்மேல் எனக்கு உயிர். 'கோரத் தாண்டவம்', 'ஆறாத வடு' என்று டீச்சர் எழுதிக்கொடுத்ததையெல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

மேடையேறியதும் வணக்கம் வரைக்கும் வந்தது. அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. டீச்சர் கீழிருந்து வாயசைத்தார். ம்ஹூம். கேரியர் போய்விடுமே என்ற பயத்தில் எனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன்.

"தண்ணி வந்த அன்னிக்கு எங்க மாமா படகு மரத்துமேல குந்திக்கினு இருந்துச்சு!"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்ய, மேல இல்லடி! ரெண்டு மரத்துக்கு நடுவுல!" என்று கூட்டத்திலிருந்து மாமா கத்தினார். இந்தக் கதையை எங்கள் ஊரில் யாரும் தனியாகச் சொல்லிவிட முடியாது. குறுக்கே புகுந்து திருத்த ஆள் இருக்கும்.

"எங்க வூட்டு டிவிய வுட்டுட்டியேடி" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

கடற்கரையே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோராகக் குண்டானுக்கு வந்தேன்.

"எங்க குண்டான் வயல்ல கெடந்துச்சு. எங்கம்மாதான் தேடிப் போயி எடுத்துக்கினு வந்துச்சு!"

அம்மா எழுந்து நின்றாள்.

"குண்டானத் தேடிக்கினா போனேன்? எம் பொண்ணத் தேடிக்கினு போனேன்" என்றாள். பிறகு ஒரு பெயரைச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிடுகிற குரலில், சத்தமாக.

பிறகு மாமா எழுந்து தன் மகன் பெயரைச் சொன்னார். அத்தை எழுந்தாள். அப்புறம் யார், எவர் என்றில்லாமல் ஊரே எழுந்து நின்று பெயர் பெயராகச் சொன்னது. கடல் இரைவதுகூடக் காதில் விழவில்லை. முகமெல்லாம் கண்ணீராக, நிமிர்ந்து நின்றாள் அம்மா. அத்தனை கம்பீரமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

கேரியர் எனக்குத்தான் கிடைத்தது. ஊர் எழுந்து நின்றது என் பேச்சுக்காகத்தான் என்றும் நம்பினேன். ஒன்றுதான் உறுத்தியது: அம்மா சொன்னது என் பெயர் இல்லை. எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. போட்டோக்களும் தண்ணியோடு போயிருந்தன. அம்மாவுக்கு நான் ஒருத்திதானே பெண், சந்தோஷத்தில் என் பெயரையே மாற்றிச் சொல்கிறாளே என்று நினைத்தேன்.

கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவள் முந்தானையை இழுத்தேன்.

"எம்மா, நான் இங்கதாம்மா இருக்கேன்!"