மாவு ஒட்டிய சீட்டு

கரண்டு போனால்தான் மிஷின் நிற்கும். மற்றபடி மிஷின் வாயில் தானியம் கிடக்கும்போது ஸ்தனிஸ்லாஸ் சுவிட்சைத் தொடமாட்டார். தெருவில் எழவு போனாலும் சரி, எம்.எல்.ஏ. வந்தாலும் சரி. "போட்டது அரைஞ்சு முடியட்டுங்க!" என்று கத்துவார். பாப்பாரப்பட்டிச் சந்தைப் பக்கம் முப்பது வருசமாக மாவு மில். அந்த இரைச்சலிலேயே கிடந்து, மனுசன் நலம் விசாரித்தால்கூடச் சண்டைக்கு இழுப்பது போலிருக்கும். புருவமெல்லாம் மாவு.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அந்தக் குரல் இறங்கும். அப்பா சவரியப்பன் புதுச்சேரிக்குப் பிழைக்கப் போய், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, வியட்நாம் சண்டையில் இருந்தவர். ஊருக்கு அவர் 'மெடல்காரர்'. சாகக் கிடந்தபோது மகன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பொம்பளைங்க நெல்லு குத்திக்கிட்டிருந்தாங்கடா. உலக்கையக் கீழ வெக்கக்கூட உடல. சுட்டோம். கொழந்தைங்களையும். நானும் சுட்டேன்." அந்த ஊர்ப் பேர் கடைசிவரை அவர் வாயில் நுழையவில்லை.

அன்றிலிருந்து வருசம் தவறாமல் கல்லறைத் திருநாள் பூசையில் செத்தவர்களுக்காக வாசிக்கச் சொல்லி ஸ்தனிஸ்லாஸ் ஒரு சீட்டுக் கொடுப்பார். யாருக்காக: 'வியட்நாமில் சுடப்பட்டுச் செத்த ஓர் ஊர்ச் சனங்கள்.' பூசையை ஒப்புக்கொடுப்பவர்: காலி. இந்த வருசம் சாமியாருக்கு ஒத்தாசையாக வந்திருக்கும் புது உபதேசியார் கறார் பேர்வழி. பேரில்லாத சீட்டைக் கோயிலில் வாசிக்கமாட்டாராம். நாளைக்குத் திருநாள்.

அப்பா சொன்னது தெரிந்த தங்கை லூர்தம்மாள் மில்லுக்கே வந்துவிட்டாள். அடுத்த வாரம் அவள் மகள் ஜெனிஷாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாரும் இதே கோயில்தான்.

"உம் பேரப் போட்டா, ஏன் எதுக்குன்னு தோண்டுவாங்கண்ணா. அப்பா மானம் போவும். எம் மவ கல்யாணம் நிக்கும். ஒரு வருசம் உட்டாத்தான் என்ன? செத்தவங்க வந்து கேக்கப்போறாங்களா?"

"கேக்கமாட்டாங்க லூர்து. அதான் பயமா இருக்குது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவம், அவள் சொல்வதிலும் ஞாயம் இல்லாமலில்லை. சீட்டு வாங்க வந்த உபதேசியார் வாசலில் நின்று, இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினார்: "பேரு என்னங்க போடறது?"

மிஷின் வாயில் யாருடைய கேழ்வரகோ பாதி கிடந்தது. ஸ்தனிஸ்லாஸ் சுவிட்சை அணைத்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டின் மேல் படிந்த மாவை ஊதிவிட்டு, ஒப்புக்கொடுப்பவர் என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: சவரியப்பன்.