ஏழாவது கேள்வி

அந்தப் பகுதியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. ஃபாரம் அக்கா என்றால்தான் தெரியும். அறக்கட்டளையிடம் பண உதவி கேட்டு யார் எழுதினாலும், வீடு தேடி வந்து, நிலைமையைப் பார்த்து, ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவள் அவள்தான். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. அவள் தேய்த்துப் போட்ட செருப்புகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சாக்கு நிறைந்திருக்கும்.

ஃபாரம் இரண்டு நிறம். வைத்தியத்துக்கு ரோஸ், படிப்புக்குப் பச்சை. ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு நிறம்தான். நோயும் படிப்பும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கொரு வருஷமாக வரும் என்று கமிட்டிக்காரர்களுக்கு நினைப்பு. பச்சை ஃபாரத்தில் ஏழாவது கேள்வி, ‘வீட்டில் நோயாளிகள் உண்டா?’ உண்டு என்று எழுதினால் ஃபைல் அறக்கட்டளை டாக்டரின் மேசைக்குப் போய்விடும். அவர் குறிப்பு எழுதி, பச்சையா ரோஸா என்று கமிட்டி முடிவு செய்வதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். எந்தக் கல்லூரி அதுவரை இடத்தைப் பிடித்துவைத்துக் காத்திருக்கும்?

ஃபாரம் அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவாள். அலமாரியில் ஒளித்து வைத்த மாத்திரையும் கண்ணில் பட்டுவிடும். அவள் எழுதி அனுப்பிய ஒரு ஃபைல்கூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இஸ்திரிக்காரம்மா வீட்டுக்கு அவள் போனது ஒரு புதன்கிழமை. வீட்டின் முன்னறைதான் கடை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது, இருப்பது ஒரே மகள். அவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அறக்கட்டளையின் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும். சான்றிதழ்களை நகலெடுக்க மகள் வெளியே போயிருந்தாள்.

இஸ்திரிக்காரம்மா இடது கையால் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது வலது கையில்.

“உங்களுக்கு இடது கைப் பழக்கமா?”

“இல்லம்மா. வலது கைய தூக்க முடியல.”

“எவ்வளவு நாளா?”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளறைக்குக் கூட்டிப்போய் முந்தானையை விலக்கிக் காட்டினாள். வலது மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதைச் சுற்றித் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“ஒரு தடவ போனேன். வெளியில காசு குடுத்து எடுக்க வேண்டிய டெஸ்ட்டுன்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. வச்சிருக்கேன்.” முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். “இத எழுதாதீங்கம்மா. எழுதினா பொண்ணு படிப்பு நின்னுடும். நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன். வலியே இல்ல.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா காலேஜுக்குப் போவாளா?”

ஃபாரம் அக்காவின் வீட்டிலும் இதே கதை ஒரு காலத்தில் நடந்தது. வீட்டில் இருந்ததெல்லாம் அப்பாவின் வைத்தியத்துக்குப் போயிற்று. கடைசியில் அப்பாவும் போனார், அவள் படிப்பும் போயிற்று. அந்த ஆத்திரம் இன்னும் அவளுக்குள் ஆறவில்லை. இந்தப் பெண்ணாவது தப்பிக்கட்டும் என்று நினைத்தாள். ஏழாவது கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினாள். கண்ணால் பார்த்ததை அவள் மறைத்து எழுதியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே ஒரு ரோஸ் ஃபாரத்தையும் நிரப்பி, தேதியை மட்டும் விட்டுவைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் முதல் ஃபைல் இதுதான், இரண்டாம் வருஷக் கட்டணத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று இஸ்திரிக்காரம்மாவிடம் வாக்குக் கொடுத்தாள். அறக்கட்டளைச் செயலாளர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதியைத் தளர்த்தச் சொல்லி அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் ‘இல்லை’ என்று எழுதியது வெட்ட வெளிச்சமாகிவிடும். அதனால் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் செயலாளரின் அறை வாசல் வரை போனாள், வேறு வேலையாக வந்தவள் போல எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஒன்பதாவது மாதம் இஸ்திரிக்காரம்மா இறந்துபோனாள். சாவு வீட்டுக்கு ஃபாரம் அக்கா போனபோதும் அந்த ரோஸ் காகிதம் பையில்தான் இருந்தது.

இரண்டாம் வருஷப் படிப்புக்கு மறுபடி பச்சை ஃபாரம் எழுத வேண்டும். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே போனாள். பெண் மட்டும் இருந்தாள். தேய்க்கும் மேசை மேல் நர்சிங் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

“புத்தகத்துல படமே போட்டிருக்கு அக்கா,” என்றாள் பெண். “தோல் உள்ள இழுத்தா என்னன்னு. நாலாவது மாசமே பாடம் நடத்திட்டாங்க. எங்கம்மாவுக்கு அப்படி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. என் முன்னாடி அவங்க துணிகூட மாத்த மாட்டாங்க.”

ஃபாரம் அக்கா பச்சை ஃபாரத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

“கடைசியில அம்மா ஒண்ணு சொன்னாங்க. ஃபாரம் அக்காவுக்கு மட்டும் தெரியும், நல்லவங்க, யார்கிட்டயும் சொல்லலன்னு.”

ஃபாரம் அக்கா பைக்குள் கையை விட்டு ரோஸ் ஃபாரத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். பெண் அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். தேதிக்கான இடத்தை விரலால் தடவினாள். பிறகு நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

“நம்ம வேலைய முடிச்சிடுவோம் அக்கா.”

ஃபாரம் அக்கா பெயர், வயது, முகவரி என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தாள். ஏழாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

“எழுதுங்க,” என்றாள் பெண். “இல்லைன்னு எழுதுங்க. இந்தத் தடவ பொய் இல்லையே.”

எழுதினாள். அந்த ஃபைலும் திரும்பி வரவில்லை.