ஒரே ஒரு கோடு

அக்காவுக்கு வயிறு ஊத ஆரம்பித்தபோது அவள் புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்வராயன் மலையில் தனியாக இருந்துகொண்டு சாமை விதைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன்.

"வயிறு ஊதிக்கினே போவுதுடி. ரெண்டு வாய் தின்னா நெறஞ்சு போவுது. அடிக்கடி ஒண்ணுக்கு வேற வருது," என்று போனில் சொன்னாள். மலையிலிருந்து பஸ்ஸில் வந்த ஆளிடம் கேஸ் மாத்திரை கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் அதையேதான் அனுப்பினேன்.

மலையில் பேச்சு வேறு மாதிரி போனது. பக்கத்து வூட்டுப் பொம்பளை எனக்கே போன் போட்டு, "உங்க அக்காளுக்கு எத்தினி மாசம்?" என்று கேட்டாள். அப்போதே அவளைக் கிழித்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன? கடையிலிருந்து கர்ப்பம் பார்க்கும் கிட் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன்.

"நீ கூட அப்பிடித்தான் நெனைக்கிறியா?" என்றாள் அக்கா. பிறகு கிட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

ஒரே ஒரு கோடு. கர்ப்பம் இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. அப்படியென்றால் அந்த வயிற்றில் என்னதான் இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. இன்னொரு அட்டை மாத்திரையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் வெளியே வருவதையே விட்டாள். வயிறு தெரியாதபடி புடவைமேல் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டாள். மூச்சுவிட முடியாமல் போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். சினைப்பையில் புற்றுநோய், மூன்றாம் கட்டம். வயிறு முழுக்க நீர்.

"உங்க சொந்தத்துல யாருக்காவது இருந்துச்சாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அம்மா வயிற்றில் கட்டி வந்து செத்தவள். சித்திக்கு மார்பில் கட்டி. இரண்டையும் செய்வினை என்று சொல்லி மூடிவிட்டார்கள் எங்கள் வீட்டில்.

நீரை எடுத்தார்கள். மூன்று கீமோ, பிறகு ஆபரேஷன், மறுபடி மூன்று கீமோ. இரண்டு சினைப்பைகளையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். நோய் திரும்ப வரலாம் என்பதை டாக்டரம்மா மறைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வந்துபோகிறாள்.

மலைக்குத் திரும்பக் கூட்டிப்போன அன்று அதே பக்கத்து வூட்டுக்காரி கொய்யாப்பழத்தோடு வந்தாள். "பாவம், முன்னாடியே காட்டியிருக்கலாம் இல்ல?"

"அவள வெளிய வர எங்கங்க உட்டீங்க?" என்றேன்.

"உடுடி," என்று அக்கா என் கையைப் பிடித்தாள். நான் விடவில்லை. நான் கிட் எடுத்துப்போன கதையையும் சேர்த்து, அத்தனையையும் அந்தப் பொம்பளை முகத்துக்கு நேரே சொன்னேன். பழத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குடும்ப வழியாக வருகிற நோயாக இருக்கலாம் என்று என்னையும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். "நல்லாத்தானே இருக்க, உனக்கு எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். எங்கக்காளும் நல்லாத்தான் இருந்தா என்று சொல்லிவிட்டு, கடைக்கு லீவு போட்டு, தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.