ஊட்டுக்கு வந்துட்டேன்

இந்த நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள்.

என் கணவர் சூடானில் போர்வெல் போடுபவர். சண்டைக்குப் பயந்து விட்டுவந்த ரிக் வண்டியைப் பார்க்க, எல்லையிலிருந்து ரோடு வழியாகக் கார்ட்டூமுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.

இன்று காலை திருச்செங்கோடு பஸ்ஸில் மகளோடு போகும்போது அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"சாமி, ஊட்டுக்கு வந்துட்டேன். கதவெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. தெருவே அடையாளந் தெரியல..."

பிறகு ஒரு வெடிச்சத்தம். மெசேஜ் அதோடு நின்றுவிட்டது.

அங்கே ஆறு வருடம் இருந்த வாடகை அறையைத்தான் அவர் ஊடு என்பார். மகள் காதில் விழுந்தது முதல் வரி மட்டும்; அதற்குள் போனை என் காதோடு வைத்துக்கொண்டேன்.

"எங்கப்பா ஊட்டுக்கு வந்துட்டாரு!" என்று பஸ் முழுக்கச் சொன்னாள்.

"அப்பறம் ஏங்கண்ணு உங்கம்மா அழுவறாங்க?" என்றார் பக்கத்து சீட்டு அக்கா.

"சந்தோசத்துலீங்க" என்றாள் மகள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலடி வரைக்கும் தேடினாள். "அப்பா நல்லா ஒளிஞ்சுக்கிட்டாரும்மா" என்று சிரித்தாள்.

காலையிலிருந்து நான் அனுப்பிய எதற்கும் இரண்டாவது டிக் விழவில்லை. நாளைக்கும் தேடுவாள். ஊடு எது என்று நான்கு வயதுக்காரிக்கு எப்படிச் சொல்வீர்கள்?

கார்ட்டூமில் உங்கள் ஆட்கள் இருந்தால், தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.