தலைக்கு மேல் நின்ற மட்டம்

ஓவர்சியர் மேடத்தை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்த மட்டக்குழாய்தான் வந்து நிற்கும். சுவர் மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிற நீளக் குழாய், அதுதான். ஒரு முனையை ஒரு வீட்டிலும் மறு முனையை இன்னொரு வீட்டிலும் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். "மனுசங்க சொல்றத அப்பறம் எழுதிக்கலாமுங்க தம்பி, மொதல்ல இது சொல்றதக் கேப்போம்" என்பார்.

மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரப் பள்ளத்தில் எங்கள் ஊர். மழை குறைந்த சீமை. அந்த வருஷம் எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லை. மலையில் பெய்த மழை, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் ஊருக்குள் ஏறியது. மேற்கு வீட்டு அத்தையைக் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்த வாரத்திலேயே ஊரே சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டது. வெள்ளம் ஏறிய வீடு என்று தெரிந்தால் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

அடுத்த கோடையில் கரை கட்டத் திட்டம் வந்தது. எவ்வளவு உயரம் வேண்டும் என்று முடிவுசெய்ய, தண்ணீர் எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். பஞ்சாயத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த நான் நோட்டோடு மேடத்தின் கூடப் போனேன். பேசிவைத்துக்கொண்டதுபோல எல்லா வீட்டிலும் முழங்கால் என்றார்கள். எங்கள் அம்மாவும் "முழங்காலுக்குத்தானுங்க வந்துச்சு" என்றாள். எனக்கு அப்போது பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று அம்மாவைத் தூக்கிக் கூரைமேல் ஏற்றியவனே நான்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியாக மேற்கு வீடு. அந்த வீட்டு மாமா மட்டும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஊர் அவரைக் கிறுக்கு என்றது. ஓட்டுக்கு ஒரு சாண் கீழே சேற்றுக் கோடு. கோட்டுக்கு மேலே, சேறாகப் பதிந்த ஐந்து விரல்கள். அத்தையின் கை. மாமா அதற்கு எதிரே கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

குழாயின் ஒரு முனையை மாமா அந்தக் கோட்டில் பிடித்துக்கொண்டார். மறு முனையின் வாயை விரலால் அடைத்தபடி நான் எங்கள் வீட்டுக்குள் நடந்தேன். இடுப்பளவில் விரலை எடுத்தேன், வழிந்தது. கழுத்தளவில் எடுத்தேன், அப்போதும் வழிந்தது. கையை முழுக்க உயர்த்திய பிறகு, என் தலைக்கு மேலே தண்ணீர் லேசாக ஆடி நின்றது.

நடு மத்தியானம். வாசலில் கூடியிருந்த சனம் அண்ணாந்து குழாயைப் பார்த்தது. சாமி படம், அடுப்பு, கல்யாணத்துக்கு வாங்கிய புதுக் கட்டில், எல்லாமே அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தன. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துபோனேன். பக்கத்தில் அம்மா தனக்கே தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மேடம் முக்காலியில் ஏறி, சாக்பீஸால் கோடு போட்டார். அவர் இறங்கியதும் அம்மா சேலைத் தலைப்பால் அதை அழிக்கப் போனாள். எட்டவில்லை. "வெள்ளிக்கெழம பொண்ணூட்டுக்காரங்க வர்றாங்க. முழங்கால்னே எழுது சாமி" என்று என்னிடம் கெஞ்சினாள். நானும் வெட்கமில்லாமல், "அப்படியே போட்டுக்கலாமுங்க மேடம்" என்றேன். அவர் கோபப்படவில்லை.

"முழங்கால் தண்ணின்னா, உங்க அத்த கை எதுக்குங்க தம்பி அத்தன ஒசரத்துக்குப் போச்சு?"

நோட்டு என் கையில்தான் இருந்தது. உள்ளதை எழுதினேன்.

பெண் வீட்டார் வந்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், காபியைத் தொடாமல் போனார்கள். மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். கரை எங்கள் கூரை உயரத்துக்கு எழுந்தது. இப்போதும் சில நாட்கள், வானம் வெளுத்துக் கிடக்கும்போதே கரைக்கு அப்பால் தண்ணீர் ஏறுவது கேட்கும். நாங்கள் சோறு தின்றுகொண்டிருப்போம். தலைக்கு மேலே அது நடந்துபோகும். நாற்பது தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அன்றைக்கு எழுதியதைச் சொல்லி அம்மா என்னைத் திட்டாத நாள் இல்லை. திட்டட்டும். திட்டுவதற்கு அவள் இருக்கிறாள்.